தடுப்புச் சுவர்களும் அமுக்கமும்

மாணவர்களே, கப்பல், ஆகாய விமானம், கடற்கரையோரம் ஆகிய மூன்று இடங்களிலும் தடுப்புச் சுவர்கள் அமைக்கப்படுகின்றன. இரு பக்கங்களுக்கும் இடையிலான அமுக்க வித்தியாசத்தைத் தாங்குவதே அவற்றின் பிரதான தொழிலாகும்.

1. கப்பல்

மிதக்கும் கப்பலின் நிறை மேலுதைப்புக்குச் சமனாகும். கப்பலினுள் நீர் புகுந்தால் மொத்த நிறை அதிகரித்துக் கப்பல் தாழும். இதனைத் தடுக்கவே கப்பலின் உட்பகுதி குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் ஏனைய அறைகள் கப்பலை மிதக்கச் செய்யும்.

உதாரணம்: ‘டைட்டானிக்’ கப்பலில் 15 குறுக்குச் சுவர்களும் 16 அறைகளும் இருந்தன. முன்பக்கத்து 4 அறைகள் நிரம்பினாலும் அது மிதக்கக்கூடியது. ஆனால் 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையில் மோதியபோது அதற்கும் மேற்பட்ட அறைகளில் நீர் புகுந்தது. சுவர்கள் மேற்தளம் வரை உயர்த்தப்பட்டிருக்கவில்லை. முன்பகுதி தாழ, நீர் ஒரு சுவரின் மேலாக வழிந்து அடுத்த அறையை நிரப்பியது. ஏறத்தாழ 2 மணி 40 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. சுமார் 1500 பேர் இறந்தனர்.

2. ஆகாய விமானம்

10,000 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். எனவே பயணிகள் பகுதியில் அமுக்கம் கூட்டிப் பேணப்படுகின்றது. இதனைத் தாங்கும் பின்புறச் சுவர் பெரும்பாலும் குவிமாட வடிவினது. 1985 ஆகஸ்ட் 12 இல் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானமொன்றில், முன்னர் பிழையாகத் திருத்தப்பட்ட இச்சுவர் உடைந்தது. வெளியேறிய வளி வாற்பகுதியைச் சிதைத்தது. 520 பேர் உயிரிழந்தனர்.

3. கடற்கரையோரம்

இங்கு சுவர் பின்னாலுள்ள மண் சரியாது காக்கும். மண்ணில் தேங்கும் நீரும் சுவரைத் தள்ளும். இதனாலேயே பல சுவர்களில் நீர் வடியத் துளைகள் விடப்படுகின்றன.

மாதிரி வினா: சுவரொன்றின் பின்னால் 5 மீற்றர் ஆழத்துக்கு நீர் தேங்கியுள்ளது. அடியில் நீரினால் ஏற்படும் அமுக்கம் யாது? (நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், ஈர்ப்பு ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 10 மீற்றர்)

விடை: அமுக்கம் = ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல்
= 5 × 1000 × 10
= 50,000 பஸ்கால்

கவனிக்க: திரவ அமுக்கம் ஆழத்திலேயே தங்கியுள்ளது, நீர்ப்பரப்பின் அகலத்தில் அன்று. பலர் புள்ளிகளை இழப்பது இவ்விடத்திலேயே.