‘எல்லாம் பழையபடிதான் டாக்டர்!’

அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருக்கிறாரா? வீடியோவில் டாக்டரைப் பார்த்து அட்டையைப் புதுப்பித்துக்கொள்கிறாரா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

மூட்டு வலிக்கு மருந்து வாங்க ஒரு அம்மா வந்திருந்தார். நாடி பார்த்து, சூரணமும் தைலமும் எழுதிக் கொடுத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டாக்டர், ஒண்ணு கேட்கணும். தப்பா நினைக்கக் கூடாது. ஃப்ளோரிடாவுல இருக்கிற என் தம்பி கஞ்சா எடுத்துக்கறானாம். டாக்டரே சான்று கொடுத்திருக்காராம். நிஜமா, இல்லே என்கிட்ட கதை விடறானா?”

“நிஜம்தாம்மா” என்றேன். அந்த அம்மாவின் முகத்தில் பாதிக் கவலை போனது. மீதிப் பாதி எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது.

சீட்டு அல்ல, சான்று!

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்க மத்திய அரசு 1970-ல் கொண்டுவந்த சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. அதனால் மற்ற மருந்துகளைப் போல டாக்டர் அதற்கு மருந்துச் சீட்டு எழுத முடியாமல் போனது. 1996-ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு வேறு வழி கண்டுபிடித்தார்கள். “இந்த நோயாளிக்கு இது பயன்படலாம்” என்று டாக்டர் பரிந்துரை செய்தால் போதும் என்றார்கள். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்த வழியில் போயின. ஃப்ளோரிடாவில் 2016-ல் வாக்கெடுப்பு நடந்து இதற்கு அனுமதி கிடைத்தது. புற்றுநோய், வலிப்பு, கிளாக்கோமா, பார்க்கின்சன் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும்தான் அங்கே சான்று தரலாம்.

இதில் இரண்டு கெடு உண்டு. மாநில அரசு தரும் அட்டை ஒரு வருஷம் செல்லும். அதற்குக் கட்டணம் 75 டாலர். டாக்டர் தரும் சான்றோ 210 நாள்தான். 70 நாள் மருந்தாக மூன்று தவணை! அதாவது ஏழு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். இரண்டு தேதியையும் ஒன்று என்று நினைத்து மருந்து வாங்கப் போய், வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உண்டு.

முன்பெல்லாம் டாக்டரும் நோயாளியும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னது. 2020-ல் கொரோனா வந்தபோது, பழைய நோயாளிகளுக்கு மட்டும் தற்காலிகமாகத் தொலைவிலிருந்து பார்க்க இடம் கொடுத்தார்கள். 2021-ல் அது நின்றது. பிறகு 2023 ஜூலை 1 முதல் சட்டமாகவே வந்துவிட்டது. முதல் தடவை நேரில்தான் போகவேண்டும். அதன் பிறகு புதுப்பிப்பதற்கு, நேரில் பரிசோதித்த அதே டாக்டரை வீடியோவில் பார்த்தால் போதும்.

நடக்க முடியாதவர்களுக்கும் கார் ஓட்ட முடியாதவர்களுக்கும் இது பெரிய உதவி. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால்...

வீடியோவில் தெரியாத இரண்டு

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நோயாளியை இந்த எட்டாலும் சோதிக்கவேண்டும் என்றுதான் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வீடியோவில் இந்த எட்டில் எத்தனை கிடைக்கும்? குரல் கேட்கும். விழியும் நாக்கும் ஓரளவு தெரியும். நிறம் அறையின் விளக்கைப் பொறுத்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் காமாலைக்காரர்கூட மாநிறமாகத் தெரிவார். மலமும் மூத்திரமும் கேட்டால்தான் தெரியும். நாடியும் ஸ்பரிசமும் கிடைக்கவே கிடைக்காது.

ஆக, வீடியோவில் பாதிக்கு மேல் நோயாளியின் வாயில்தான் இருக்கிறது. அவர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

தம்பி சொல்லாதது

அந்த அம்மாவின் தம்பிக்கு வயது 67. குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்தவர். ஓயாத வாந்தி, பசியே இல்லை. அதற்காகத்தான் கஞ்சா எண்ணெய். நன்றாகவே கேட்டிருக்கிறது. சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியும் நிறுத்தவில்லை.

“கடைசியா எப்போ டாக்டரைப் பார்த்தாராம்?”

“மூணு வாரம் முன்னாடி, வீடியோவுல. அஞ்சு நிமிஷம்தானாம். ‘ஏதாவது மாற்றம் உண்டா?’ன்னு கேட்டிருக்கார். இவன், ‘எல்லாம் பழையபடிதான் டாக்டர், தூக்கம்தான் சரியில்லை’ன்னிருக்கான். அளவைக் கொஞ்சம் கூட்டிட்டாராம்.”

அப்புறம் அந்த மீதிப் பாதிக் கவலை வெளியே வந்தது. “கையெல்லாம் அங்கங்கே நீலமா இருக்கு டாக்டர். போன்ல பேசும்போது நான்தான் கவனிச்சேன். எங்கே இடிச்சுக்கிட்டேன்னே தெரியலைக்காங்கறான். பல் தேய்ச்சா ரத்தம் வேற வருதாம்.”

“வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?”

“நாலு மாசம் முன்னாடி கால்ல ரத்தக்கட்டி வந்தது. ரத்தம் உறையாம இருக்க ஏதோ கொடுத்திருக்காங்க. வார்...”

“வார்ஃபரினா?”

“அதேதான்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கஞ்சாவும் எடுத்தால், அந்த மாத்திரை உடம்பில் கரைந்து வெளியேறுவது தாமதமாகலாம். ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிடும். காயமே இல்லாமல் உள்ளே கசியும். மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

“ராத்திரிவரைக்கும் காத்திருக்காதீங்கம்மா. இப்பவே போன் பண்ணி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க” என்றேன். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்லவில்லை. அது அங்கே ரத்தத்தைப் பரிசோதிக்கும் டாக்டரின் வேலை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் இவருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கவேண்டிய அளவு 5-ஐத் தாண்டியிருந்ததாம். நல்லவேளை, பிழைத்தார்!

தப்பு யாருடையது? கஞ்சாவுக்குச் சான்று தந்த டாக்டருக்கு வார்ஃபரின் தெரியாது. அங்கே சான்று தருமுன் அரசின் மருந்துப் பதிவைப் பார்க்கவேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் பதிவில் கட்டுப்பாடு உள்ள மருந்துகள்தான் இருக்கும், வார்ஃபரின் இருக்காது. வார்ஃபரின் தந்த டாக்டருக்கோ கஞ்சா தெரியாது. இரண்டும் தெரிந்தவர் தம்பி ஒருவர்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அது மூலிகைதானேக்கா” என்றாராம்.

மூலிகை என்றால் சாது என்று யார் சொன்னது? எங்கள் சித்த மருத்துவத்திலேயே கஞ்சா நச்சுப் பொருள்களின் அரசுப் பட்டியலில்தான் இருக்கிறது. சுத்தி செய்யாமல் தொடவே மாட்டோம்.

புதுப்பிக்கும் முன்...

வீடியோவில் உட்காருவதற்கு முன் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்:

* சாப்பிடும் எல்லா மருந்தையும் மேஜைமேல் வைத்து, ஒவ்வொன்றாகக் கேமராவில் காட்டவேண்டும். நம் ஊர் லேகியம், சூரணம் உட்பட. வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.

* அன்று காலை பார்த்த ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, எடை மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். கிடைக்காத ஸ்பரிசத்துக்கு இது கொஞ்சம் ஈடு.

* எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், விழுந்தது, மறதி, படபடப்பு, தோலில் நீலம் எதுவானாலும் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும்.

* வாந்திக்காக எடுக்கிறவருக்குத் திரும்ப வாந்தி வந்தால் உஷார்! நெடுநாள் கஞ்சாவே ஓயாத வாந்தியை உண்டாக்கும். 2004-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் இதை எழுதினார்கள். வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குவது இதன் அடையாளம். அளவைக் கூட்டினால் மோசமாகும்.

* “இன்னும் எனக்கு இது தேவையா?” என்று டாக்டரைக் கேட்கவேண்டும். புதுப்பிப்பதன் அர்த்தமே இதுதான்.

இன்னொன்று. அந்த அம்மா கிளம்பும்போது, “தை மாசம் கல்யாணத்துக்கு வர்றான். மருந்தைக் கையோட கொண்டு வரலாமா?” என்று கேட்டார். கூடவே கூடாது! அந்த அட்டை இங்கே வெறும் அட்டைதான். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவோடு இறங்கினால் ஜெயில்வரை போகும். இங்கே வந்து வீடியோவில் டாக்டரைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்கவேண்டாம். 2020-ல் வந்த நம் தொலை மருத்துவ விதிகள், அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தருவதைத் தடை செய்கின்றன.

தம்பிக்கு அந்தத் தொல்லையும் வரவில்லை. வாந்திதான் நின்று போயிற்றே என்று அங்கிருக்கும் டாக்டரே கஞ்சாவைப் படிப்படியாக நிறுத்திவிட்டாராம். சான்றின் 210 நாள் இன்னும் முடியவில்லை. அதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது, போனில் தம்பியின் கையைக் கவனித்த அக்காவின் கண்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு உறவுகளோடு போனில் பேசும்போது, “சாப்பிட்டியா?” என்று கேட்பதோடு விடாதீர்கள். “என்னென்ன மாத்திரை சாப்பிடறே, காட்டு” என்றும் கேளுங்கள்.