பட்டாசுக்கு முன்னால் லேபிள் வெடிக்கும்!

தீபாவளிக் கடையில் ஒரு வெடிப் பெட்டி நம்மைக் கையைப் பிடித்து இழுக்கிறதே, ஏன்? உள்ளே இருக்கும் மருந்தாலா? அட, அதை யார் பார்த்தார்கள்! எல்லாம் மேலே இருக்கும் லேபிள் பண்ணும் வேலை. அந்தக் கூத்து அரங்கேறும் சிவகாசி ஆஃப்செட் அச்சகம் ஒன்றை எட்டிப் பார்ப்போம், வாங்க. இங்க் வாசனை தலைக்கேறினால் கம்பெனி பொறுப்பல்ல!

முதலில் டிசைன் ரூம். கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் 'மின்னல்' என்ற பெயர் அலங்காரம் ஆகிக்கொண்டிருக்கிறது. எழுத்தின் தலையில் மஞ்சள், காலில் சிவப்பு, சுற்றி வெள்ளைக் கோடு, அதற்கும் வெளியே கறுப்பு நிழல். இவ்வளவு எதற்கு? பின்னணியில் ஏற்கெனவே எல்லா நிறமும் ஆட்டம் போடுகிறது. கல்யாணக் கூட்டத்தில் மாப்பிள்ளையை மாலைதான் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்த மாலை வெள்ளைக் கோடு.

ஆனால் கோட்டை இஷ்டத்துக்குத் தடிமனாக்கினால் 'ன'வின் சுழி அடைத்துப் போகும். அதனால் சுழியைக் கொஞ்சம் பெரிதாக்கி, பக்கத்துத் தண்டை இளைக்க வைக்கிறார் டிசைனர். அடுத்துதான் குறும்பு! 'மி'யின் மேல்விலங்கை அப்படியே இழுத்து, வார்த்தை முழுக்கப் பாயும் மின்னலாக்கிவிட்டார். புள்ளிகள் இரண்டும் நட்சத்திரங்களாகிவிட்டன. தமிழ் எழுத்திலேயே இவ்வளவு பொடி வைத்திருக்க, தனிப்படம் எதற்கு?

இப்போது மிஷின் பக்கம். பெரிய ரகசியம் இங்கேதான். அந்தப் பளீர் சிவப்புக்கென்று ஒரு சிவப்பு மையே கிடையாது! சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு: நாலு மை, நாலு பிளேட், அவ்வளவுதான். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. சயானும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. வெள்ளை? அது மை படாத வெறும் தாள்!

லென்ஸை வைத்துப் பார்த்தால் படம் காணாமல் போய்ப் புள்ளிகள் மட்டுமே தெரியும். நல்ல ஆர்ட் பேப்பரில் ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 175 வரிசைப் புள்ளிகள். ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கோணத்தில் நிற்கும்: வழக்கமாகக் கறுப்பு 45 டிகிரி, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 0. கோணம் பிசகினால் படத்தின்மேல் அலை அலையாக வேண்டாத கோலம் விழும்.

பிளேட் ஒரு நூல் நகர்ந்தாலும் போச்சு. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது; மிஷின்மேன் 'ரிஜிஸ்டர் அவுட்' என்று மிஷினை நிறுத்திவிடுவார். பாதுகாப்புக் குறிப்பு போன்ற பொடி எழுத்துகளைக் கறுப்பில் மட்டும் அடிப்பது இதனால்தான். நாலு நிறத்திலும் அடித்தால் லேசாக விலகினாலே எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் ஆரஞ்சும் தாளுக்கு வந்ததும் வாடிவிடும். ஒளியில் பிறக்கும் எல்லா நிறமும் மையில் பிறக்காது. கட்டாயம் வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஃப்ளோரசன்ட் மை இறங்கும். செலவும் ஏறும்!

ஐடியாவுக்கு எங்கே போவார்கள்? வெகுதூரம் வேண்டாம், பக்கத்துக் கோவில்பட்டி போதும். அங்கே வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் சிவகாசி காலண்டர்களாகி வீடு வீடாகப் போயின. ரோஜா நிற மேனி, தலைக்குப் பின்னால் மஞ்சள் ஒளிவட்டம், அதைத் தூக்கிக்காட்டும் கருநீல வானம். ஒளிவட்டத்தை எடுத்துவிட்டு அங்கே ராக்கெட்டை வையுங்கள். பட்டாசு லேபிள் ரெடி!

டிசைன் படிக்கும் தம்பி தங்கைகளே, வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் தீபாவளிக்குக் காலிப் பெட்டிகளைக் குப்பையில் போடாதீர்கள். லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நிறத்துக்கும் எழுத்துக்கும் அதைவிட மலிவான பாடப்புத்தகம் கிடைக்காது.