விமான நூற்றாண்டு நாணயத்தில் வெள்ளி எவ்வளவு?

இந்திய சிவில் விமானப் போக்குவரத்தின் நூற்றாண்டையொட்டி மத்திய அரசு 2011-ல் இரண்டு நினைவு நாணயங்களை வெளியிட்டது. ஒன்று சாதாரண 5 ரூபாய். மற்றது 100 ரூபாய் 'வெள்ளி' நாணயம். இது கடைவீதியில் செலவழிக்க அடிக்கப்பட்டதல்ல. சேகரிப்போருக்கென்றே, 100 ரூபாயைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டது.

அது என்ன 1911? ஹவுராவிலிருந்து அலகாபாத் வழியாக டில்லி போகிறவர்களுக்கு நைனி ஸ்டேஷனையும் அடுத்து வரும் யமுனைப் பாலத்தையும் தெரிந்திருக்கும். அந்த ஆற்றைத் தாண்டித்தான் 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே என்ற 23 வயது பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களுடன் அலகாபாத்திலிருந்து நைனிக்குப் பறந்தார். பயண நேரம் 13 நிமிடம். உலகிலேயே அதிகாரபூர்வமான முதல் விமானத் தபால் அதுதான். கடிதத்துக்கு ஆறணா கட்டணம். வசூல் அலகாபாத்தில் ஒரு மாணவர் விடுதிக்குப் போயிற்று.

அவருக்கு முன்பே சென்னையில் ஓட்டல் முதலாளி டி ஏஞ்சலிஸ் 1910 மார்ச்சில் பறந்துவிட்டார். நம் டாலிகஞ்சிலும் அதே ஆண்டு டிசம்பரில் விமானம் பறந்தது. ஆனால் அவையெல்லாம் வேடிக்கைக்காக. சரக்கு ஏற்றினால்தான் வண்டி என்பது ரயில்வேக்காரனான என் கட்சி. அந்த வகையில் 1911-ஐத் தேர்ந்தெடுத்தது நியாயமே.

இனி காசு விஷயம். பெண் குழந்தை பெயரில் இத்தகைய நாணயங்களை வாங்கி வைக்கும் நம்மவர்கள் உண்டு. 'வெள்ளிதானே, பின்னால் கொலுசுக்கு ஆகும்' என்பது அவர்கள் கணக்கு. நாணயத்தின் எடை 35 கிராம். அதில் பாதிதான், அதாவது 17.5 கிராம்தான் வெள்ளி. மீதியில் 40 சதவீதம் செம்பு. நிக்கலும் துத்தநாகமும் தலா 5 சதவீதம். தவிர, 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டம் நாணயங்களை உருக்குவதைத் தடை செய்கிறது. எனவே தட்டானிடம் போவதற்கில்லை. விற்பதானால் இன்னொரு சேகரிப்பாளரைத்தான் தேட வேண்டும். அவரோ பெட்டியும் நாணயமும் மெருகு குலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். திருநீறு போட்டுத் துலக்கினீர்களோ, விலை இறங்கிவிடும்.

புதிய நினைவு நாணயங்களை வாங்க விரும்புவோர் தரகர்களிடம் போகாமல், 1952-ல் திறந்த நமது அலிப்பூர் நாணயச்சாலை போன்ற அரசு நாணயச்சாலைகளின் அறிவிப்பைக் கவனிப்பது நல்லது. ஒவ்வொரு நாணயத்தின் எடையும் உலோகக் கலவையும் அரசிதழில் வெளியாகும். அதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.