பதினெட்டு நொடிச் சண்டை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் சண்டையின் ஒரு சுற்று, கதைக்குள் ஆறே நொடி. வாள் வீசுவது, அம்பு விடுவது, மந்திரம் சொல்வது எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த ஆறு நொடியை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடி முடிக்க இருபது நிமிடம் பிடிப்பது சர்வசாதாரணம். மூன்று சுற்றுச் சண்டை கதையில் 18 நொடி, கடிகாரத்தில் ஒரு மணி நேரம்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டம், 1974-ல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கதையை நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். யார் என்ன செய்ய நினைத்தாலும் பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டங்களின் வாரிசு இது. அந்தக் கணக்குவழக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது.

ஐந்து வீரர்கள், எதிரே எட்டு காப்ளின்கள் என்று வையுங்கள். காப்ளின் என்பது குகையில் பதுங்கியிருக்கும் குட்டிப் பூதம். ஆளுக்கு இரண்டே நிமிடம் என்றாலும், தன் முறையை முடித்தவர் மற்ற நால்வருக்காக எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குமேல் காப்ளின்களின் முறை வேறு. கை தானாக மொபைலுக்குப் போகிறது. மறுபடி முறை வரும்போது, “இப்ப என்ன நடக்குது?” என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார். அதற்குப் பதில் சொல்ல இன்னும் ஒரு நிமிடம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் கைவைத்தியங்கள் உண்டு. அடுத்து யார் என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். அடி விழுந்ததா என்று பார்க்கும் இருபது முகப் பகடையையும் சேதத்தைச் சொல்லும் பகடையையும் ஒன்றாகவே உருட்டலாம். சிலர் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அவசரப்படுத்தினால் வாள்வீரன் பிழைத்துக்கொள்வான். முப்பது மந்திரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மந்திரவாதிதான் மாட்டிக்கொள்வார்.

அதைவிடப் பயனுள்ளது, 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் இருக்கும் கும்பல் அட்டவணை. எட்டு காப்ளின்களும் ஒரே வீரரைச் சூழ்கின்றன. அவருடைய கவசத்தைத் தாண்ட ஒவ்வொன்றும் பகடையில் 11 அல்லது அதற்குமேல் போட வேண்டும். அட்டவணைப்படி, இரண்டு பேர் தாக்கினால் ஒரு அடி விழும். எட்டுக்கு நான்கு அடி. ஓர் அடியின் சராசரிச் சேதம் ஐந்து என்று காப்ளினின் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆகமொத்தம் இருபது. பகடையைத் தொடாமலே எட்டு பேரின் முறை முடிந்தது.

ஆனாலும் நேரம் அதிகமாகக் கரைவது பகடையில் இல்லை. யார் ஜெயிப்பார் என்று தெரிந்த பிறகும் சண்டை ஓடுகிறதே, அங்கேதான். எட்டில் ஐந்து காப்ளின் விழுந்தாயிற்று. மிச்சம் மூன்றும் தப்பாது என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும், அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளிகளில் கடைசியும் தீரும்வரை உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 1981-ன் அடிப்படைத் தொகுப்பில் ஒரு காப்ளினின் உயிர்ப்புள்ளி ஏழைத் தாண்டாது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் சாதாரணக் காப்ளின் வீரனுக்கே 29. அந்தப் பதிப்பின் சண்டைகள் இழுவை என்று பெயரெடுத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஒரே அடியில் சாகும் அடியாட்களையும் அதே பதிப்புதான் சேர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் ராப் ஹைன்சூ. மூன்றாம் பதிப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜோனதன் ட்வீட். இருவரும் சேர்ந்து 2013-ல் ‘தர்ட்டீன்த் ஏஜ்’ என்ற தனி ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டாம் சுற்று தொடங்கியதும் நடுமேசையில் ஓர் ஆறுமுகப் பகடையை ஒன்று தெரியும்படி வைப்பார்கள். சுற்றுக்கு ஒன்றாக ஆறு வரை ஏறும் அந்த எண்ணை வீரர்கள் தங்கள் தாக்குதலில் கூட்டிக்கொள்ளலாம். இழுக்க இழுக்க அடி தவறாமல் விழும். அடுத்த ஆண்டு கிறிஸ் மெக்டவல் ‘இன்டு தி ஆட்’ ஆட்டத்தில் இன்னும் ஒரு படி தாண்டினார்: அடி விழுந்ததா என்ற பகடையே கிடையாது, நேராகச் சேதம்தான்.

எனக்குப் பிடித்த வழி இவற்றைவிடப் பழையது. 1981 தொகுப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் மனோதிடத்துக்கு ஓர் எண் உண்டு. முதல் ஆள் விழுந்ததும் ஒருமுறை, பாதிப்பேர் விழுந்ததும் ஒருமுறை, டன்ஜன் மாஸ்டர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் எதிரிகள் ஓடுவார்கள், இல்லை சரணடைவார்கள். தலைவன் இல்லாத காப்ளின்களுக்கு எண் ஏழு. ஒவ்வொரு சோதனையிலும் 36-ல் 15 வாய்ப்பு, அவை புறமுதுகிட. ஐந்தாம் பதிப்பிலும் இப்படி ஒரு விதி இருக்கிறது, ஆனால் கையேட்டின் ஒன்பதாம் அத்தியாயத்தில், விருப்பமிருந்தால் பயன்படுத்தலாம் என்ற வகையில். பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

எல்லாச் சண்டைக்கும் இது பொருந்தாது. பத்து வாரமாகத் தேடிவந்த டிராகன் மூன்றாம் சுற்றில் பறந்து ஓடினால் வீரர்கள் டன்ஜன் மாஸ்டரை அடிக்க வருவார்கள். அந்தச் சண்டை இரவு முழுக்க நடக்கட்டும். ஆனால் வழியில் எதிர்ப்பட்ட காப்ளின்களுக்கு அந்த மரியாதை எதற்கு? ஓடுபவர்களை வீரர்கள் துரத்தத் தொடங்கினால் அதற்கு ஒரு புதுச் சண்டையும் வேண்டாம். “இரண்டு தப்பித்துவிட்டது, ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள், என்ன கேட்கப் போகிறீர்கள்?” என்று டன்ஜன் மாஸ்டர் கேட்டால் போதும்.