விளையாட்டுச் சாமான்தானே என்று விற்காதீர்கள்

வவுனியா பஜாரில் உள்ள எனது கடைக்கு வழமையாக வருவோர் பல்பு, சுவிட்ச், தண்ணீர் மோட்டார் வாங்குபவர்கள். கடந்த வருடம் கிளிநொச்சியிலிருந்து உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் வந்தார். பற்றரியில் பறக்கும் மாதிரி விமானம் செய்கிறாராம். மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரும் கேட்டார். கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தேன். கொன்ட்ரோலர் 20 அம்பியர்.

"இது காணுமா நானா?" என்று கேட்டார். "தாராளமாகக் காணும்" என்றேன். தெரியாமல் சொன்ன வார்த்தை அது.

ஒரு கிழமையில் கருகிய கொன்ட்ரோலரோடு வந்து நின்றார். "நீங்க சொன்னபடியால்தான் வாங்கினன்" என்றார். தகப்பன் கூலி வேலை செய்து கொடுத்த காசு அது. வேறொன்று வரவழைத்துச் சும்மா கொடுத்தேன். நட்டம் சிறிது, வெட்கம் பெரிது. பிறகுதான் மோட்டார் வைன்டிங் செய்யும் நண்பரிடம் போயிருந்து விடயத்தைப் படித்தேன். வாசகர்களே, நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, அம்பியர். மோட்டார் கூடியபட்சம் இழுக்கும் அம்பியரைவிட அதிகமாகக் கொன்ட்ரோலர் தாங்க வேண்டும். தம்பியின் மோட்டார், விசிறி பூட்டியதும் 28 அம்பியர் இழுத்தது. அதற்கு 40 அம்பியர் கொடுத்திருக்க வேண்டும். விசிறி பெரிதானால் இழுவையும் கூடும். ஆகவே விசிறியின் அளவையும் கேளுங்கள்.

இரண்டாவது, வோல்ட். லித்தியம் பொலிமர் பற்றரியில் ஒரு செல் 3.7 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. மூன்று செல் என்றால் 12.6 வோல்ட் வரை போகும். கொன்ட்ரோலர் எத்தனை செல் தாங்கும் என்பதைப் பார்த்துக் கொடுங்கள்.

மூன்றாவது, வயர். கொன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போவது மூன்று வயர். மோட்டார் மறுபக்கம் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றிப் பூட்டினால் போதும். திறீபேஸ் தண்ணீர் மோட்டாரிலும் நாம் அதைத்தானே செய்கிறோம்! ஆனால் பற்றரிப் பக்கத்தில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தால் கொன்ட்ரோலர் அந்த நொடியே போய்விடும். பற்றரி வயரை நீட்டுவதும் நல்லதல்ல. வோல்ட் துள்ளிக் கொன்ட்ரோலரைக் கெடுக்கும். நீட்டத்தான் வேண்டுமென்றால் மோட்டார் பக்கம் நீட்டலாம். சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். விரலை வெட்டிவிடும்.

இதை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த சென்னை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழு, 2018இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. எங்கள் வன்னியும் இளைத்ததல்ல. 1990களில் பற்றரி வரத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட மண் இது.

அந்தத் தம்பி போன மாதம் வந்தார். விமானம் பறந்ததைத் தொலைபேசியில் காட்டினார். கூடவே சாமான் வாங்க இரண்டு நண்பர்களையும் அழைத்து வந்திருந்தார். இம்முறை விசிறி, பற்றரி, அம்பியர் மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரே விலை சொன்னேன்.