மணல் குடித்த மின்சாரம்

தலைமன்னாரில் காற்றுக்கு என்றும் பஞ்சமில்லை. சோளகம் எழும்பிவிட்டால் பனைகள் ஓயாது சலசலக்கும். முற்றத்து மணல் திண்ணையில் ஏறிக் குந்திக்கொள்ளும். இக்காற்றைக் கொண்டு மின்சாரம் எடுப்பதற்காக மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிறுத்தப்பட்டுள்ளன. ‘தம்பபவனி’ என்னும் பெயரோடு 2020 டிசம்பர் 8ஆந் திகதி திறந்துவைக்கப்பட்ட அந்நிலையத்தின் ஆற்றல் ஏறக்குறைய 100 மெகாவாற்று. எனினும், “எங்கள் ஊரிலே விளைகின்ற சரக்குக்கு எங்களிடமே இவ்வளவு விலையா?” என்று இப்பகுதியினர் கேட்பதில் வியப்பில்லை. அம்மின்சாரம் நாட்டின் பொதுத் தொகுப்பிற் கலந்துவிடுகின்றது. காலியிலிருப்பவருக்கும் கண்டியிலிருப்பவருக்கும் எந்த விகிதமோ அதே விகிதந்தான் தலைமன்னாருக்கும். அது நியாயமா என்பது பெரிய வழக்கு. குடும்பங்களுக்கு அதனினும் அவசரமான வழக்கொன்று உண்டு. போன மாதம் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த பட்டியல் இம்மாதம் மூவாயிரத்துச் சொச்சமாக வந்ததேன்?

பட்டியல் வந்த அன்று வீட்டில் நீதிமன்றம் கூடிவிடும். தொலைக்காட்சி பார்த்த பிள்ளை முதலாம் எதிரி. உடுப்பு அழுத்திய மருமகள் இரண்டாம் எதிரி. வீட்டில் எவரும் அகப்படாவிட்டால் மானி வாசிக்க வந்தவர் இருக்கவே இருக்கிறார். “எங்கேயோ எர்த் அடிக்குது” என்று அயலவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். தீர்ப்பு உடனே கிடைத்துவிடும்; ஆனால் அடுத்த மாதப் பட்டியல் குறைவதில்லை. இவ்வழக்கில் பொய் சொல்லாத சாட்சி ஒன்றே. அது சுவரில் தொங்கும் மின்மானி. அதனிடம் முறையாகக் கேள்வி கேட்கத் தெரிந்தாற் போதும்.

முதற் கேள்வி: கூடியது விலையா, அலகா? பலர் பட்டியலின் அடியிலுள்ள தொகையை மட்டும் பார்த்துக் கலங்குகின்றனர். கடந்த சில ஆண்டுகளில் விலையே ஊஞ்சலாடியிருக்கின்றது. 2013க்குப் பின் உயர்த்தப்படாதிருந்த கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. பணங்கட்ட இயலாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்டு மீண்டும் குப்பி விளக்கைத் தேடிய குடும்பங்கள் அந்நாட்களில் எத்தனையோ. பின்னர் 2024இல் இருமுறையும் 2025 ஜனவரியில் ஒருமுறையும் குறைந்து, அவ்வாண்டு ஜூனில் மறுபடியும் சராசரி 15 வீதம் உயர்ந்தது. ஆகவே இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவோர் ரூபாவை மறந்து அலகை ஒப்பிடவேண்டும். அலகு மாறாமல் ரூபா மாறியிருந்தால் வீட்டில் எவரையும் குற்றஞ்சாட்டத் தேவையில்லை.

அலகு சற்றே கூடியிருக்க ரூபா பன்மடங்கு கூடியிருந்தால், படிமுறைக் கட்டணத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை உதாரணமாக எடுப்போம். பின்னர் தொகைகள் மாறினாலும் கணக்கின் போக்கை அது தெளிவாகக் காட்டும். மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகும் 4 ரூபாப்படி, அடுத்த 30 அலகும் 6 ரூபாப்படி, நிலையான கட்டணம் 200 ரூபா. ஆக 500 ரூபா. அந்த வீடு 61ஆவது அலகைத் தொட்டதோ, முதல் 60 அலகும் 11 ரூபாவாகிவிடும். அந்த ஓர் அலகு 14 ரூபா. நிலையான கட்டணம் 400. மொத்தம் 1074 ரூபா! ஓர் அலகின் விலை 574 ரூபா என்று சொல்வதில் தவறில்லை. 90 அலகைத் தாண்டினால் அடுத்த அலகு 20 ரூபா, நிலையான கட்டணம் 1000. 120ஐத் தாண்டினால் 33 ரூபா, 1500. 180ஐத் தாண்டினால் 52 ரூபா, 2000. (வரி இவற்றுக்குப் புறம்பு.) மின்விசிறியை ஓர் இரவு கூடுதலாகச் சுழலவிட்டதனால் அறுநூறு ரூபா போயிற்று என்று ஒருவர் சொன்னால் நகைக்கவேண்டாம், படியின் விளிம்பில் நின்ற வீட்டுக்கு அது மெய்யாகவே நேரக்கூடியது.

குறைவாகப் பாவிக்கும் ஏழைக்கு மலிவாகக் கொடுப்பதே இம்முறையின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் நம்மவர் வாழும் முறைக்கு அது முற்றும் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். தாய் தந்தையரும், மணமான மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஒரே மானியில் வாழ்ந்து 120 அலகு செலவிட்டால், மேற்படி விகிதத்தில் 2680 ரூபா. அவர்களே இரண்டு வீடாகப் பிரிந்து 60, 60 என்று செலவிட்டால் இரண்டு பட்டியலும் சேர்ந்து 1000 ரூபாதான். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பதை மின்மானி ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை.

இடையில் ஒரு சிறு விளக்கம். மானி வாசிப்பவர் நான்கு நாள் பிந்தி வந்ததனாலே மேற்படிக்கு ஏறிவிட்டோம் என்று பலர் மனம் நோகின்றனர். படிகளின் எல்லை நாட்கணக்குக்கு ஏற்ப நீட்டப்படுகின்றது. 30 நாளுக்கு 60 என்பது 34 நாளுக்கு 68 ஆகும். வீடு பூட்டியிருந்து உத்தேசக் கணக்கில் ஒரு பட்டியல் வந்திருந்தால் மட்டும் அடுத்த வாசிப்பை ஒருமுறை சரிபார்ப்பது நலம்.

இனி, அலகே பெருகிய வீட்டுக்கு வருவோம். தலைமன்னாரில் ஐவர் வாழும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறி, தொலைக்காட்சி, கிணற்றிலிருந்து மேல் தாங்கிக்கு நீரேற்றும் மோட்டர், சில விளக்குகள். வழக்கமாக 85 அலகு. மேற்படி விகிதத்தில் 1410 ரூபா. திடீரென ஒரு மாதம் 131 அலகு, 3543 ரூபா. மடுத் திருவிழாவுக்கு விருந்தினர் வந்து தங்கவுமில்லை; புதிய பொருள் ஏதும் வாங்கவுமில்லை. 46 அலகு எங்கே போயிற்று?

சந்தேகத்துக்குரியோரை ஒவ்வொருவராக நிறுத்துவோம். தொலைக்காட்சி 60 வாற்று என்றால், நாளுக்கு 5 மணித்தியாலம் ஓடினாலும் மாதம் 9 அலகு. ஆயிரம் வாற்று மின்னழுத்தியை நாள்தோறும் பத்து நிமிடம் வைத்தால் மாதம் 5 அலகு. பிள்ளையையும் மருமகளையும் விடுதலை செய்துவிடலாம். பழைய மின்விசிறி 75 வாற்று. இரவும் பகலும் ஓயாது சுழன்றால் மாதம் 54 அலகு. இது சிறிய எதிரி அல்ல. ஆனால் எமது வீட்டில் விசிறிப் பழக்கம் மாறவில்லை.

“எர்த் அடித்தல்” பற்றி அயலவர் சொன்னதையும் நிறுத்துப் பார்ப்போம். வீடுகளிற் பூட்டும் ரிப் சுவிச் வழக்கமாக 30 மில்லியம்பியர் ஒழுக்கைக் கண்டதும் விழுந்துவிடும். 230 வோல்ற்றில் அது 7 வாற்றுக்கும் குறைவு. மாதமெல்லாம் ஒழுகினாலும் 5 அலகு தேறாது. சுவிச் நல்ல நிலையில் இருக்கையில் நிலத்துக்கு ஒழுகி 46 அலகு போக வழியில்லை. சுவிச் பழுதாகியோ, அடிக்கடி விழுகிறதென்று எவரேனும் அதை விலக்கி இணைத்தோ இருந்தால் வேறு கதை. அங்கே பணத்தைவிட உயிருக்கே ஆபத்து. உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும் கடலோரத்தில் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். விழாவிட்டால் அன்றே அனுபவமுள்ள மின்னியலாளரை அழையுங்கள்.

இப்போது மானியிடம் போவோம். எல்லாப் பொருள்களையும் நிறுத்தி, பிரதான ஆளியை மட்டும் போட்டுவைத்து மானியைப் பாருங்கள். இலத்திரனியல் மானியில் சிறு சிவப்பு விளக்கொன்று கண்சிமிட்டும். எத்தனை சிமிட்டல் ஓர் அலகென்று மானியின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். அது 1000 என்றால், 36 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் வீடு 100 வாற்று இழுக்கின்றது என்று பொருள். பழைய தட்டு மானியில் 600 சுற்று ஓர் அலகென்றால், நிமிடத்துக்கு ஒரு சுற்றும் அதே 100 வாற்றுத்தான். நூறு வாற்று அற்பமன்று. நாள் முழுவதும் 30 நாள் ஓடினால் 72 அலகு! ஒன்றுமே வேலை செய்யாத வீட்டில் விளக்குச் சிமிட்டினால், கம்பியிலோ மறந்துபோன ஒரு பொருளிலோ களவு நடக்கின்றது.

எமது வீட்டில் சிமிட்டல் இல்லை. அடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியே இக்கரையில் முதற் சந்தேகம். நல்ல நிலையிலுள்ள நடுத்தரப் பெட்டி நாளுக்கு ஓர் அலகளவில் திருப்தி கொள்ளும். இடையிடையே ஓய்ந்து ஓய்ந்து ஓடும். உப்பும் தூசும் பின்புறக் குழாய்களிற் படிந்து துருவேறினாலோ, கதவின் இறப்பர் தளர்ந்தாலோ, ஓய்வின்றி உறுமும். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுகி வந்தால் குளிரும் அவ்வழியே போகின்றது. கரைவலை மீன் மலிந்த நாளில் வாளிக் கணக்கில் மீனை அடைப்பதும் அதற்குச் சுமையே. எமது வீட்டுப் பெட்டியோ ஓய்ந்து ஓய்ந்துதான் ஓடுகின்றது. அதுவும் விடுதலை.

எஞ்சியிருப்பது மோட்டர். ‘அரை மணித்தியாலந்தானே ஓடும்’ என்று அதை எவரும் சந்தேகிப்பதில்லை. சோதனையின்போது அதன் ஆளியும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆதலால் மானியும் வாய் திறக்கவில்லை. தாங்கியில் நீர் குறைந்தால் தானே ஓடத் தொடங்கும்படி மிதவை பூட்டிய மோட்டராயின், அதைத் தன்போக்கில் விட்டுவிட்டு நள்ளிரவில் மானியைப் பார்க்கவேண்டும். எவரும் குழாய் திறவாத இரவு இரண்டு மணிக்கு விளக்கு ஐந்து விநாடிக்கு ஒருமுறை படபடவென்று சிமிட்டுகின்றதா? ஏறக்குறைய 750 வாற்று. கள்வன் அகப்பட்டான்.

46 அலகை 750 வாற்றுக்குப் பங்கிட்டால் 61 மணித்தியாலம்; நாளுக்கு இரண்டு மணித்தியாலம் மோட்டர் வீணே ஓடியிருக்கின்றது. ஏற்றிய நீர் எங்கே போயிற்று? தாங்கியிலிருந்து பின்வளவுக்குப் போகும் புதைகுழாயில் ஒரு மூட்டு விட்டிருக்கும். களிமண் ஊராயின் முற்றத்திற் சேறு கண்டிருக்கும். சுவரடி ஈரம் காட்டிக் கொடுத்திருக்கும். தலைமன்னார் மணலோ எவ்வளவு நீரையும் அடையாளமின்றிக் குடித்துவிடும். ஆகவே இவ்வூரில் தண்ணீர் ஒழுகுவது நிலத்தில் தெரிவதில்லை. மின்சாரப் பட்டியலில்தான் தெரிகின்றது. இதில் இன்னொரு நட்டமும் உண்டு. மணல் தீவுகளில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவர்க்கத் தொடங்கும். வீணே இறைத்த நீர் மீண்டும் மணலூடே இறங்குமென்றாலும், கிணற்றடியில் உவர் மேலெழுவதை அது உடனே தடுத்துவிடாது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் செலவில்லை. இரவு படுக்குமுன் மோட்டரை நிறுத்தி, தாங்கியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் ஒரு துளியும் பாவிக்குமுன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் தாங்கியின் வெளிவாய் வால்வை மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இறங்காவிட்டால் குற்றம் குழாயில். அப்போதும் இறங்கினால் தாங்கியிலோ, ஏற்றுகுழாய் வழியே நீரைத் திரும்ப விடும் வால்விலோ. மோட்டர் ஓடியும் நீர் மெல்லிதாக வந்தால் கிணற்றுக்குள் இருக்கும் அடிவால்வைப் பார்க்கவேண்டும்.

இவையனைத்தும் சரியாயிருந்தும் அலகு குறையாவிடின், அப்போதுதான் மானியைச் சந்தேகிக்கலாம். பழைய 100 வாற்று இழைக்குமிழ் ஒன்று அகப்பட்டால், மற்றெல்லாவற்றையும் நிறுத்தி அதை மட்டும் 10 மணித்தியாலம் எரியவிடுங்கள். மானி ஏறத்தாழ ஓர் அலகு காட்டவேண்டும். வெகுவாக மிஞ்சினால் மின்விநியோக அலுவலகத்திற் கட்டணஞ் செலுத்தி மானியைச் சோதிக்கும்படி எழுத்திற் கேட்கலாம். அங்கே தீராத முறைப்பாட்டை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குக் கொண்டுசெல்லலாம். மானியின் முத்திரையில் மட்டும் எக்காரணங்கொண்டும் கைவைக்கலாகாது, அது குற்றம்.

வீட்டிலே கணக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், ஞாயிறு தோறும் காலையில் மானியின் இலக்கத்தை நாட்காட்டியிற் குறிக்கும் வேலையை அதனிடம் ஒப்படையுங்கள். வாரத்துக்கு 14 அலகு என்றால் 60க்குள் நிற்கலாம். 21 என்றால் 90. 28 என்றால் 120. இரண்டாம் ஞாயிறன்றே 35 என்று எழுத நேர்ந்தால், 28ஐத் தாண்டிய அந்த 7 அலகையும் மாதம் முடியுமுன் எங்கே பிடிப்பதென்று குடும்பம் கூடிப் பேச இன்னும் பதினாறு நாள் கையில் இருக்கும்.