தெருவில் 30–க்கு மேல் போகாதே!
உத்தரவு வந்தாச்சு, பலகை எங்கே?

சாயங்காலம் நாலரை மணி. பள்ளிக்கூடம் விட்டாச்சு. மேற்கு மாம்பலத்தில் ஒரு குறுக்குத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் என்றாலும், திருவல்லிக்கேணி என்றாலும் கதை ஒன்றுதான்.

நிறுத்தி வைத்திருக்கும் வேனுக்குப் பின்னால் இருந்து ஒரு பந்து உருண்டு வருகிறது. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பையன் வருகிறான். 13 மீட்டர் தூரத்தில் ஒரு கார்.

பையன் பிழைப்பானா, மாட்டானா?

கார் 30 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் பிழைப்பான். பையனைக் கண்ணால் பார்த்து, டிரைவரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் கார் 8 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீட்டர். காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்றால் பையனின் டிரவுசரை உரசுகிற மாதிரி வண்டி நின்றுவிடும். டிரைவர் நாலு வார்த்தை திட்டுவார். பையன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான்.

அதே கார் 50 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால்?

அந்த ஒரு வினாடியிலேயே கார் 14 மீட்டர் பாய்ந்துவிடும். அதாவது, டிரைவரின் கால் பிரேக்கில் படும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். மோதல் முழு வேகத்தில் நடக்கும். அது மூன்றாவது மாடியில் இருந்து கீழே விழுவதற்குச் சமம். 30 கிலோ மீட்டர் மோதல் என்றால் முதல் மாடியில் இருந்து விழுகிற மாதிரி. அதுவும் லேசான அடி இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் உயிரோடு இருப்பான்.

யாரும் படிக்காத கடைசி வரி

சென்னையில் தெருவுக்குள் 30–க்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது. நேற்று வந்தது அல்ல. 2023–ம் ஆண்டு நவம்பர் 4–ந் தேதி அமலுக்கு வந்தது.

அதற்கு முன் நடந்ததை வண்டி ஓட்டுகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம், பகலில் 40, இரவில் 50 கிலோ மீட்டருக்கு மேல் போனால் அபராதம் என்று போக்குவரத்து போலீசார் அறிவித்தார்கள். நகரமே கொதித்தது. செல்போனில் கேலிப் படங்கள் பறந்தன. போலீசார் சற்றுப் பின்வாங்கி, குழு வைத்து ஆராய்ந்து, புதிய பட்டியலை வெளியிட்டார்கள்.

அதன்படி கார் 60. லாரி, பஸ் 50. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் 50. ஆட்டோ 40. கடைசியாக ஒரு வரி: குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30.

மெயின் ரோட்டில் வேகம் கூடியதே என்று ஜனங்கள் சமாதானம் ஆனார்கள். அந்தக் கடைசி வரியைப் பற்றி டீக்கடையிலும் பேச்சு இல்லை, பஸ்சிலும் பேச்சு இல்லை. பட்டியலில் உயிர் காக்கும் வரி அதுதான்.

நஷ்டம் 24 வினாடி

ஆபீசுக்கு லேட், கடை திறக்கணும், ரெயிலைப் பிடிக்கணும். தெருவுக்குள் விரட்டுகிற எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டில் இருந்து மெயின் ரோடு அரை கிலோ மீட்டர் என்று வையுங்கள். 50–ல் போனால் 36 வினாடி. 30–ல் போனால் ஒரு நிமிஷம். நஷ்டம் 24 வினாடி! மெயின் ரோட்டு சிக்னலில் சிகப்பு விளக்குக்கு இதைவிட அதிக நேரம் தவம் கிடக்கிறோம்.

அதிலும், எந்தத் தெருவில் முழு அரை கிலோ மீட்டரையும் 50–ல் ஓட்ட முடியும்? மாடு, குழி, தண்ணீர் லாரி, கோலம் போடுகிற அம்மா. பாதி தூரம் பிரேக்கில்தான் போகிறது. உண்மையான நஷ்டம் இன்னும் குறைவு.

டெலிவரி பையன்களின் பாடு மட்டும் வேறு. சில நிமிடத்தில் மளிகை வந்து சேரும் என்று கம்பெனி வாக்குக் கொடுக்கிறது. பறப்பது அந்தப் பையன். தெருவில் திட்டு வாங்குவதும் அவனே. மாடியில் நின்று திட்டுகிறவர் கையிலும் அதே கம்பெனியின் பை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இதற்கிடையே மெட்ரோ ரெயில் 2–ம் கட்ட வேலைக்காக மயிலாப்பூர் போன்ற இடங்களில் மெயின் ரோடுகளை மறித்தபோது, வண்டிகள் உள் தெருக்களில் திருப்பி விடப்பட்டன. மெயின் ரோட்டு அவசரமும் சேர்ந்து தெருவுக்குள் புகுந்தது.

2022–ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகமே காரணம் என்று அதே கணக்கு சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம், தமிழ்நாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112–வது பிரிவில் ஒரு விஷயம் இருக்கிறது. வேக வரம்பு போட்டால் அறிவிக்கை வெளியிட்டால் மட்டும் போதாது. அந்த இடத்தில் பலகையும் வைக்க வேண்டும்.

பலகை எங்கே? மெயின் ரோட்டில் கண்ணில் படுகிறது. உள்ளே நுழைந்தால் ‘நோ பார்க்கிங்’ பலகை இருக்கிறது. பாதி அது வீட்டுக்காரரே மாட்டியது. டியூஷன் சென்டர் பலகை இருக்கிறது. சிகப்பு வட்டத்துக்குள் 30 என்று எழுதிய பலகையைத் தெருத்தெருவாகத் தேட வேண்டியிருக்கிறது. வேகமாகப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. வேகத்தைப் பிடிக்கும் கருவியோ பெரிய ரோட்டில் நிற்கிறது.

தெரு மாநகராட்சியின் பொறுப்பு. வேகம் போலீசாரின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் அந்தத் தகரப் பலகை அநாதையாகிவிட்டது.

பலகை வராத கோபத்தில் ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்டைக் குழைத்து வேகத்தடை போட்டுவிடுகிறார்கள். இதுவும் ஆபத்துதான். முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டி மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் கணக்கு. 25 கிலோ மீட்டரில் வந்தால் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும். நம் தெருவில் இருப்பது ஒரு சாண் அகலத்துக்கு ஒரு மதில் சுவர்! பின் சீட்டில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கும், முதுகு வலிக்காரருக்கும் அது எமன். இருட்டில் ஸ்கூட்டர்காரர் தூக்கி எறியப்படுகிறார்.

அங்கேயும் சண்டைதான்

வெள்ளைக்காரன் ஊரில் சொன்னதும் கேட்டுவிடுவான் என்று நினைக்க வேண்டாம்.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்சில் 2023 செப்டம்பர் 17–ந் தேதி ஊருக்குள் ஓடும் ரோடுகளில் வேகத்தை 30 மைலில் இருந்து 20 மைலாகக் குறைத்தார்கள். நம் கணக்கில் 48 கிலோ மீட்டர், 32 ஆனது. நம்ம ஊர் உத்தரவுக்கு ஏழு வாரம் முந்தியது. எதிர்ப்பு பிய்த்துக்கொண்டு போனது. மனுவில் 4½ லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பலகைகளில் பெயிண்டைக் கொட்டினார்கள். 2024–ல் அரசும் கொஞ்சம் இறங்கி வந்து, தேவையான ரோடுகளில் பழைய வேகத்தையே வைத்துக்கொள்ள உள்ளூர் சபைகளுக்கு வழி விட்டது.

ஆனால் முதல் ஆண்டில் அந்த மாதிரி ரோடுகளில் செத்தவர்கள், அடிபட்டவர்கள் எண்ணிக்கை சுமார் கால் பங்கு குறைந்தது. மாற்றத்துக்கு ஆன செலவு 3 கோடி பவுனுக்கும் மேல். சண்டை போட்டவனுக்கும் பலகை கண்ணில் பட்டது. அதனால்தான் அதன் மேல் பெயிண்ட் அடிக்க முடிந்தது.

ஆஸ்திரியாவில் கிராஸ் என்ற நகரம் 1992–லேயே, பெரிய ரோடுகள் தவிர ஊர் முழுக்க 30 என்று போட்டுவிட்டது. இன்னமும் அங்கே அதுதான் வேகம்.

இங்கே மணி அஞ்சு ஆகப் போகிறது. பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் இல்லாத நாளில், காக்கிச் சட்டை வாட்ச்மேன் ஒருவர் நடுத்தெருவில் வந்து நிற்கிறார். வலது கையில் விசில். இடது கையை நீட்டி வண்டிகளை மறிக்கிறார். பிள்ளைகள் கடக்கிறார்கள். பின்னால் ஹாரன் அலறுகிறது.